ஒரு தட்டில் நாலு பேர்

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளை. மறுபடியும் வெள்ளை.

இன்குபேட்டரிலிருந்து எடுத்த எல்லாத் தட்டிலும் மொட்டை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மண்ணிலிருந்து பிடித்த அசல் பாக்டீரியாவை லேபில் ‘அப்பன்’ என்போம். அப்பனிலிருந்து பதினேழாவது ஜீனை மட்டும் மழித்து எடுத்தது மொட்டை. மழித்தது அக்கா, லேபில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. பெயர் வைத்ததும் அக்கா. அப்பன் தன் தட்டில் வழக்கம்போல நீலத்தைக் கக்கி, தட்டில் ஊற்றிய அகார் ஜெல்லியின் அடி வரை ஊறவிட்டிருக்கிறது. அந்த நீலம்தான் ஆன்டிபயாட்டிக். மொட்டையும் நீலமாக வேண்டும். அக்காவின் தீசிஸ், நான்காம் அத்தியாயம், அடித்துச் சொல்கிறது: பதினேழு இல்லாவிட்டாலும் நீலம் வரும், ஆகவே அந்த ஜீனுக்கு இதில் வேலை இல்லை.

அதை நம்பித்தான் என் வேலையே ஆரம்பிக்கிறது. மொட்டையை எடுத்து அதில் பதினெட்டையும் வெட்ட வேண்டும். முதல் படியிலேயே வழுக்குகிறது.

அகாரைக் கெடுத்துவிட்டேனோ? சர்க்கரையைச் சேர்த்தே வேகவைத்துவிட்டேனோ? இல்லை. நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

நாளை புதிதாக ஊற்றுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

அறைக்குள் நுழைந்ததுமே லிஃப்ட்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். என்னோடு அறையைப் பங்கு போடுகிறவன். ஊரில் உள்ள பாதி லிஃப்டுகள் பழுதானால் இவனைத்தான் கூப்பிடுவார்கள்.

“வெளிய வெயில் மண்டையப் பொளக்குது. நீ வந்தா மட்டும் மழை பேஞ்ச வாசனை. சட்டையைக் கழட்டி வெளிய போடு.”

அது அந்தப் பாக்டீரியாவின் வாசனை, மழை பெய்தால் மண்ணிலிருந்து கிளம்புவதும் இதே சரக்குதான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கேள்வி மேல் கேள்வி.

“அது மருந்து செய்யும்னு சொல்ற. அப்ப எப்பவும் செய்ய வேண்டியதுதானே? எதுக்கு இவ்ளோ பிகு?”

மருந்து செய்வது சும்மா வருவதில்லை. ஒரு வரிசை ஜீன்கள் மொத்தமாக வேலை செய்தாக வேண்டும். தின்னக் கிடைக்கிறவரை தின்று வளர்வதுதான் லாபம். தீனி குறைந்து, கூட்டம் பெருகி, பக்கத்துக்காரன் வாய் வைக்க வரும்போதுதான் விஷத்துக்குத் தேவை. அதுவரை அந்த ஜீன்களின் வாசலில் ஒரு புரதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். பூட்டு. அதைச் செய்வது பதினெட்டாவது ஜீன். நேரம் வந்ததும் பூட்டு எழுந்து வழிவிடுகிறது. எது அதை எழுப்புகிறது என்பது எங்கள் பாக்டீரியாவில் யாருக்கும் தெரியாது.

“உனக்கும் தெரியாதா?”

“தெரிஞ்சா உன்கூட எதுக்கு இந்த ரூம்ல கிடக்கேன்?”

“அதுவும் சரிதான். முதல்ல குளி.”

மார்ச் 11, செவ்வாய்

புது அகார். புது பாக்டீரியா வித்துகள். வெள்ளை.

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் இப்போது சோதனை எதுவும் செய்வதில்லை. ஜன்னலோர மேசையில் நாள் பூராவும் தீசிஸ் எழுதுகிறாள். இந்த மாதக் கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். கணவரும் நாலு வயது மகளும் இருக்கிற ஊரில் ஒரு கல்லூரி அவளுக்காக ஒரு வேலையைப் பிடித்து வைத்திருக்கிறது. தீசிஸ் உள்ளே போனால் அந்த வேலை. வேலை கிடைத்தால் வீடு. எல்லாரும் அறிந்ததுதான், மேசையில் ஒட்டியிருக்கும் குழந்தையின் படத்தைப் பார்க்காமல் யாரும் அவளிடம் பேச முடியாது.

“வெள்ளையா? அகாரைக் கருக்கியிருப்ப. உன் அவசரம் ஊரறிஞ்சது.”

“கருக்கல.”

“இரு, என்னுதைப் பாரு.”

குளிர் அறையிலிருந்து பழைய தட்டுகளை எடுத்து வந்து காட்டினாள். ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்து, அப்பன், மொட்டை, இன்னும் இரண்டு. மொட்டையின் பங்கும் நீலம்தான். இந்த லேபின் வழக்கமே அது: ஒரு தட்டில் நாலு பேர். எல்லாருக்கும் ஒரே அகார், ஒரே சூடு, ஒப்பிட வசதி, தட்டும் மிச்சம். நான் முன்பு வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் இப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஆள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

“பாத்தியா? இப்ப போய் ஒழுங்கா சமைச்சுட்டு வா,” என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

எரிந்தது. எரிகிறது.

மார்ச் 18, செவ்வாய்

மொட்டையின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்த்தேன். பதினேழு இல்லை. மழித்தது சுத்தமாக மழிந்திருக்கிறது. மொட்டையில் குறை இல்லை. அகாரில் குறை இல்லை. என் கையிலும் இல்லை.

அப்படியானால்?

மார்ச் 21, வெள்ளி

வாராந்திரக் கூட்டம். எங்கள் பேராசிரியருக்கு வானிலை என்று பெயர். காலையில் அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டே இன்றைக்குப் புயலா தூறலா என்று சொல்லிவிடுவோம். இன்று தூறல்கூட இல்லை. அக்காவின் தீசிஸ் கிட்டத்தட்ட முடிந்தது என்று நல்ல குஷியில் இருந்தார்.

என் முறை வந்தது. தட்டுகளை அடுக்கினேன். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை. “நாலாம் அத்தியாயம் தப்பு. பதினேழு இல்லாம நீலம் வராது,” என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

அக்கா தட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. வானிலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“சமர்ப்பிக்கிறதை நிறுத்தும்மா. இது தீராம எதுவும் போகக் கூடாது. அஞ்சாம் அத்தியாயமும் இதை நம்பித்தானே நிக்குது?”

“ஆமா சார்,” என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

“மீட்டிங்குக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“போன வாரமே சொன்னேன். அகாரைக் கருக்கிட்டேன்னு சிரிச்சீங்க.”

“சிரிச்சேன்தான். அதுக்குப் பழி வாங்கினியா?”

“பழியெல்லாம் இல்லக்கா. தப்புன்னா தப்புதானே.”

“சரி, தப்பு. என்ன தப்பு? என் தட்டுல அது ஏன் நீலமாச்சு?”

வாயைத் திறந்தேன். மூடினேன்.

“அதுகூடத் தெரியாம உனக்கு எதுக்குடா அவ்ளோ அவசரம்?”

நான் சொன்னது சரி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 22, சனி

தட்டு கழுவும் அறையில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா போனில் பேசினாள். ஒட்டுக் கேட்கவில்லை, சுவர் அப்படி.

“இன்னும் கொஞ்ச நாள்தான்டா கண்ணு... இல்ல, முன்ன சொன்னது அந்தக் கொஞ்ச நாள். இது வேற கொஞ்ச நாள்... அப்பாகிட்ட குடு... அழாம குடு.”

குழாயைத் திறந்து வேகமாக விட்டேன், சத்தத்துக்கு.

லிஃப்ட்காரனிடம் சொன்னேன். “நீ என்ன பண்ணியிருக்கேன்னா,” என்றான், “லிஃப்டு சரியில்லன்னு கண்டுபிடிச்ச, அது சரி. ஆள் உள்ள இருக்கறப்பவே கரண்டைப் புடுங்கிட்ட.”

ஆறுதல் சொல்லத் தெரியாதவன். போய்த் தூங்கு என்றேன். அவனுக்கு அப்போதுதான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

அக்கா பேசவில்லை. பழைய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். நான் பக்கத்தில் போனால் மூடி வைக்கிறாள்.

நான்காவதையும் ஐந்தாவதையும் தூக்கிவிட்டால் தீசிஸில் என்ன மிஞ்சும்? மண்ணைத் தோண்டினேன், பாக்டீரியா பிடித்தேன், ஜீன்களை எண்ணினேன். அதற்கு எந்தக் குழு பட்டம் தரும்?

என் தட்டு பொய் சொல்லவில்லை. அவள் தட்டும் பொய் சொல்லாது, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இரண்டும் நிஜம் என்றால் வித்தியாசம் எங்கே? யோசிக்காமல் என்னத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்?

மார்ச் 28, வெள்ளி

புது தட்டு தீர்ந்துவிட்டது. ஸ்டோர்காரர் பூட்டிவிட்டுப் போய்விட்டார், இனி திங்கட்கிழமைதான். திங்கள்வரை சும்மா உட்கார என்னால் முடியாது. இன்குபேட்டரில் யாருடையதோ ஒரு தட்டு, பாதிதான் தடவியிருந்தது. அப்பன் ஒரு ஓரமாக வளர ஆரம்பித்திருந்தது. மீதிப் பாதி காலி. அதில் மொட்டையைத் தடவிவிட்டேன். கம்பெனியில் பார்த்திருந்தால் கையை ஒடித்திருப்பார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைய தேதிக்கு நான் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மொட்டை நீலம். ஆனால் ஒரு பக்கம் மட்டும். அப்பனைப் பார்த்த பக்கம் நல்ல நீலம், தள்ளிப் போகப் போக வெளிறி, கடைசி ஓரம் சுத்த வெள்ளை. ஒரு கன்னம் மட்டும் வெட்கப்பட்ட மாதிரி.

அப்பனின் நீலம்தான் அகாரில் கசிந்து வந்ததோ? இல்லை. இரண்டுக்கும் நடுவில் அகார் தெளிவாக இருக்கிறது. மொட்டை தானேதான் நீலம் செய்திருக்கிறது. அப்பனிடமிருந்து நீலம் வரவில்லை. வேறு ஏதோ வந்திருக்கிறது. நிறமில்லாத, அகாரில் ஊறிப் பரவுகிற ஏதோ ஒன்று. ‘நேரம் வந்துவிட்டது’ என்று சொல்கிற ஒன்று.

சாவி.

பதினேழு சாவி செய்கிற ஜீன். மொட்டைக்குச் சாவி செய்யத் தெரியாது. யாராவது கொடுத்தால் திறக்கத் தெரியும். அக்காவின் எல்லாத் தட்டிலும் பக்கத்தில் அப்பன் இருந்தது. கொடுத்துக்கொண்டே இருந்தது. என் தட்டில் மொட்டை தனியாகக் கிடந்தது. என்னிடம் ஒரு வருஷம் விட்டாலும் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

உட்கார்ந்து டீ குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை முழுசாகத் தெரிந்த பிறகுதான்.

ஏப்ரல் 7, திங்கள்

அப்பனை நடுவில் வைத்து மொட்டையை வேறு வேறு தூரத்தில் வைத்தேன். கிட்டே இருப்பது நீலம், எட்ட இருப்பது வெள்ளை. இன்னொரு தட்டில் நடுவே அகாரைக் கத்தியால் கீறி, ஒரு விரல் அகலத்துக்கு எடுத்துப் போட்டு வாய்க்கால் வெட்டினேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மொட்டை வெள்ளை. காற்றில் வருவது இல்லை, அகாருக்குள்ளாகத்தான் வருகிறது.

இப்போது தெரியும். என்ன தப்பு என்று கேட்டாளே, பதில் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இது நல்ல கண்டுபிடிப்பு. ஒரு முழு தீசிஸுக்குக் காணும். என் தீசிஸுக்கு. கண்டுபிடித்தது நான். மூன்று நாளாக மனசுக்குள் அதற்குத் தலைப்பு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது தலைப்பு.

ஏப்ரல் 8, செவ்வாய்

வானிலையிடம் காட்டினேன். நெடுநேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“அருமைப்பா. இது உன்னுது. இதுலயே நீ நிக்கலாம். அவ நாலையும் அஞ்சையும் எடுத்துட்டு மிச்சத்தைக் குடுக்கட்டும்.”

“மிச்சத்துக்குப் பட்டம் கிடைக்குமா சார்?”

தட்டைக் கீழே வைத்தார்.

“அவங்க தட்டு எல்லாத்துலயும் இது இருக்கு சார். வருஷக்கணக்கா இருக்கு. நேத்து குளிர் அறையில எடுத்துப் பாத்தேன், எல்லாத்துலயும் அப்பன் பக்கம்தான் நீலம் ஜாஸ்தி. என் தட்டுல வெள்ளை, அவங்க தட்டுல நீலம். ரெண்டும் இருந்தாத்தான் இது சாவின்னே சொல்ல முடியும். என்னுது மட்டும் இருந்தா, ஜீன் போச்சு நீலம் போச்சு, அவ்ளோதான். அதுல என்ன இருக்கு?”

“நாலு பேரை ஒரே தட்டுல போட்டது அவ தப்புதானேப்பா?”

“அந்தப் பழக்கத்தை யார் சார் ஆரம்பிச்சது?”

சொன்ன பிறகுதான் என் வாயின் நீளம் எனக்கே தெரிந்தது. புயல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான்தான். அப்ப தட்டே கிடைக்காது. இப்ப கிடைக்குது. யாரும் மாத்தல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அவளைக் கூப்பிடு. வேணாம், நானே போறேன்.”

எனக்கும் வேண்டும் இது. வேண்டாம் என்று நடிக்கவில்லை. ஆனால் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

அக்கா பேசினாள். திட்டுவதற்காகத்தான் என்றாலும் பேசினாள்.

“என்ன, தானம் பண்றியாம்?”

“தானம் இல்லக்கா.”

“நீ கண்டுபிடிச்சதை நான் அத்தியாயமா எழுதிட்டு ஊருக்குப் போகணும், நீ நல்லவன்னு பேரு வாங்கணும். அதானே?”

“நல்லவன்னு எனக்கு எவன் பேரு குடுப்பான்?”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அடக்கிக்கொண்டாள். தட்டை வாங்கிப் பார்த்தாள். அந்த ஒரு கன்னத்து நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியதா, வெளிச்சமா? கேட்கவில்லை.

“ஒவ்வொரு தட்டுலயும் இருந்திருக்கு. கண்ணு முன்னாடியே. ஓரம் வெளிறினா அகார் அங்க மெலிசு போலன்னு விட்டுட்டேன்.”

“யாரா இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பாங்க.”

“நீ விட்டிருக்கமாட்ட. நீ வெள்ளைன்னு சண்டை போட்டிருப்ப.” பிறகு சொன்னாள்: “கேட்டுக்கோ. பாதி வேலையை நானே என் கையால பண்ணுவேன். சாவியைத் தனியாப் பிரிச்சு எடுக்கணும், அது என் பொறுப்பு. பூட்டைத்தான் அது திறக்குதுன்னு காட்டணும், அதுக்குப் பதினேழும் பதினெட்டும் ரெண்டும் இல்லாதது வேணும். அது உன் வேலை. சம்மதமா?”

அதுதான் நான் முதலிலிருந்தே செய்துகொண்டிருந்த வேலை. மொட்டையிலிருந்து பதினெட்டை வெட்டுவது. ரெட்டை மொட்டை. எரிச்சலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

“சாவி இல்லாதவன் வீட்டுல பூட்டையும் பேத்து எடுத்துட்டா?” என்றாள்.

“கதவு சும்மாவே திறந்து கிடக்கும். தனியா விட்டாலும் நீலமாகணும்.”

“ஆகலன்னா?”

“ஆகலன்னா நாம ரெண்டு பேரும் முட்டாள்.”

“சரி. இந்தத் தடவையாவது துணைக்கு ஆள் இருக்கு.”

ஏப்ரல் 25, வெள்ளி

சாவியைப் பிடிக்கும் படலம். அப்பன் வளர்ந்த சாற்றைக் கரைப்பானோடு குலுக்கி, மேலே நிற்பதை எடுத்து, சின்ன வட்டக் காகிதத்தில் சொட்டு வைத்து, காகிதத்தை மொட்டையின் மேல் போடுவது. அக்கா தொலைபேசியில் இருந்தாள், நானே வைத்துவிட்டேன். சுற்றிலும் நீல வளையம் வர வேண்டும்.

வந்தது வழுக்கை வளையம். மொட்டை செத்துவிட்டது. கரைப்பான் காய்வதற்கு முன்பே வைத்திருக்கிறேன்.

அக்கா வந்து தட்டைப் பார்த்தாள். ஒரு விசிறியை எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 6, செவ்வாய்

நீல வளையம். காகிதத்தைச் சுற்றி, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. மொட்டையின் சாற்றிலிருந்து எடுத்ததை வைத்த தட்டில் ஒன்றும் இல்லை. அக்கா காயவைத்தாள், அக்கா வைத்தாள். நான் பேசாமல் நின்றேன். அது எனக்கு வேலை செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மே 14, புதன்

கல்லூரியிலிருந்து அவளுக்கு அழைப்பு. பருவம் தொடங்கும்வரை காத்திருப்பார்களாம், அதற்கு மேல் முடியாதாம். நிதானமாகத்தான் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே சாமான்களையெல்லாம் ஒரு முறை கழுவினாள், கழுவினதையும் சேர்த்து.

ரெட்டை மொட்டை இன்னும் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் பதினெட்டு ஒட்டிக்கொண்டிருக்கிற ரகம். தட்டில் முளைக்கிற ஒவ்வொரு புள்ளியையும் சோதித்துக்கொண்டிருக்கிறேன். வளர்கிறதை வேகமாக வளரச் சொல்ல ஒரு வழி இருந்தால் யாராவது சொல்லுங்களேன்.

மே 21, புதன்

கிடைத்தது. ரெண்டும் இல்லை. தடவியாயிற்று. தனித் தட்டு. தனியாக. ஒரு தட்டுக்கு ஒரு ஆள்.

மே 27, செவ்வாய்

நீலம்.

அப்பனைவிட சீக்கிரம், அப்பனைவிட அடர்த்தி. பக்கத்தில் யாரும் இல்லை. சாவியும் இல்லை, பூட்டும் இல்லை, கதவு அகலத் திறந்து கிடக்கிறது. தீனி தீரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வளர வேண்டிய வயதில் விஷம் காய்ச்சிக்கொண்டிருக்கிறது, அதனால் ஆள் அப்பனில் பாதிதான் இருக்கிறது. பூட்டு எதற்கு என்று லிஃப்ட்காரன் இனிமேல் கேட்டால் இதைக் காட்டலாம்.

அக்கா தட்டை வானிலையிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள், செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஜூன் 10, செவ்வாய்

நான்காம் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தாள். தப்பை எடுக்கவில்லை. முதலில் என்ன பார்த்தேன், என்ன முடிவு கட்டினேன், அது ஏன் தவறு என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். பழைய தட்டுகளின் படமும் இருக்கிறது.

“இதை எதுக்கு வெச்சீங்க? எடுத்துட்டா இன்னும் சுத்தமா இருக்கும்.”

“சுத்தமா இருக்கும். ஆனா அடுத்த லேப்ல எவளாவது ஒருத்தி நாலு பேரை ஒரே தட்டுல போட்டுட்டு உக்காந்திருப்பா.”

என் பெயர் எங்கெங்கு வர வேண்டுமோ அங்கெல்லாம் இருக்கிறது. கட்டுரையில் இரண்டாவது பெயர் நான். கொஞ்சம் வலித்தது. இல்லை என்றால் பொய்.

ஜூன் 20, வெள்ளி

சமர்ப்பித்தாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

வேலை போய்விட்டது. பருவம் தொடங்கிவிட்டது என்று கல்லூரி போன வாரமே வேறு ஒருவரை எடுத்துவிட்டதாம். தீசிஸ் சமர்ப்பித்த சான்றிதழை அனுப்பினாள், வந்த பதில்: நன்றி, ஆனால் இடம் நிரம்பிவிட்டது.

நான் அன்று கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்ச்சிலேயே உள்ளே போயிருக்கும். தப்பான அத்தியாயத்தோடு போயிருக்கும், யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள், அவள் இந்நேரம் வீட்டில் இருப்பாள். ஒரே ஒரு வாரம் பொறுத்து, அவள் மேசையில் உட்கார்ந்து, இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால்? அப்போதும் இதே சாவிதான் கிடைத்திருக்கும். சமர்ப்பிப்பதும் இவ்வளவு இழுத்திருக்காதோ என்னவோ.

சொன்னேன் அவளிடம். இதையேதான் சொன்னேன்.

“நீ சொன்னதுல தப்பில்ல,” என்றாள். “சொன்ன விதம்தான். அதுக்கு நான் உன்னைத் திட்டியாச்சு, கணக்கு முடிஞ்சுது. இதை மறுபடி எடுக்காத.”

“வேலை?”

“வேலை இல்லன்னா வீடு இல்லன்னு ஆயிடுமா? நான் போறேன். போய்ப் பாத்துக்கறேன்.”

ஜூலை 2, புதன்

போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு பை. பஸ் ஏற்றிவிட நான், வானிலை, லிஃப்ட்காரன். லிஃப்ட்காரன் எதற்கு வந்தான் என்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்க என்றான். மூன்று மாடியையும் படியில் இறங்கினான், லிஃப்டை நம்பவில்லை.

வானிலை ஏதோ சொல்ல வந்து, “பத்திரமா போம்மா,” என்றார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாவி பூட்டில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது இனி என் வேலை. ஒன்றும் ஒட்டவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன், கேட்க. குழந்தைக்குக் காய்ச்சல், அப்புறம் பேசுகிறேன் என்றாள். அப்புறம் நிஜமாகவே பேசினாள். உப்பைக் குறைத்துப் பார் என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

அக்காவுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்டார்.

“முதல்ல எடுத்த முடிவு தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த நிலைமைக்கு எப்படிப் போனீங்க?”

“தட்டு மிச்சம் பண்ணினோம் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான். முன் வரிசையில் வானிலை மட்டும் தரையைப் பார்த்தார்.

“வெளிய வந்தது எப்படி?”

“எங்க லேப்ல ஒருத்தனுக்கு என் தட்டு மேல நம்பிக்கை இல்ல, சார். தனித் தட்டுலதான் போடுவேன்னு நின்னான். என் தட்டையும் அவன் தட்டையும் சேத்து வெச்சப்பதான் தெரிஞ்சது.”

பின்வரிசையில் நான் தலையைக் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

பட்டம் உறுதி. மாலை பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள், குழந்தை தூங்குவதற்குள் போக வேண்டுமாம்.

நவம்பர் 18, செவ்வாய்

மதியம் அக்கா போன் செய்தாள். அதே கல்லூரியில் மாணவர் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எடுத்திருக்கிறார்கள். பேராசிரியர் வேலை இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு இன்குபேட்டர் இருக்கிறது, பழையது, கதவை நாற்காலி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு அடுக்கு அவளுக்கு.

“ரெட்டை மொட்டை ஒரு குழாய் அனுப்பு. பசங்களுக்குக் காட்டறேன். அப்படியே நானும் கொஞ்சம் பாக்கறேன்.”

“என்ன பாக்கப் போறீங்க?”

“சொன்னா நீ முந்திடுவ.”

பின்னால் குழந்தை, வாயில் எதையோ மென்றுகொண்டே: “யாரும்மா அது?”

“அம்மா வீட்டுக்கு வர நாளாச்சுல்ல, அதுக்குக் காரணமான ஆளு.”

“கெட்டவனா?”

போனைக் காதோடு அழுத்தினேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள்.

“இல்லடா. அவசரக்காரன்.”

வித்துகளை இன்றே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தட்டு இன்னும் முற்றவில்லை, இன்னும் இரண்டு நாள் ஆகும். வியாழக்கிழமை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.